ஒப்பனை கற்ற கதை

பௌதிகம் படிக்கிறவர்களுக்கு ஒப்பனை என்றாலே சற்று இளப்பம். கரும்பலகையில் சமன்பாடு சரியாக இருந்தால் போதும்; எழுத்து கோணலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் எழுதியதை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. ஆனாலும் அவருடைய வகுப்பில் இடம் பிடிக்க அரைமணி முன்னதாகப் போகவேண்டும். இப்படிப்பட்ட துறையிலிருந்து ஒருவனைப் பிடித்து, "சங்கத்தின் வலைப்பக்கத்தைக் கொஞ்சம் பார்க்கும்படி ஆக்கிக் கொடு, தம்பி" என்று கேட்டார் நம் காரியதரிசி. ஆய்வுக்கூடத்து அளவுகளைக் கணிக்க நான் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவேன் என்பது அவருக்குத் தெரியும். கணக்குப் போடத் தெரிந்தவனுக்குக் கோலமும் போடத் தெரியும் என்று எப்படி முடிவு செய்தாரோ, அறியேன்.

அழகுக்காக மட்டும் கேட்டாரில்லை. நவம்பர் மாதக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். வலைப்பக்கத்தில் தமிழை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்ததல்லவா? "தமிழில் போட்டால் யார் படிக்கிறார்கள்? நம்மில் பலர் டில்லியிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். பேசுவார்கள், படிக்க மாட்டார்கள்" என்று சொல்லப்பட்டது. கொண்டுவந்தவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். நாடகப் போட்டியில் நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரே அவர்தாம். கண்ணால் கண்டதைச் சொன்னார். பொங்கல் கழியட்டும் என்று தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

எனக்கு ஓர் ஐயம். தமிழைப் படிக்க ஆள் இல்லையா? அல்லது படிக்கக்கூடிய நிலையில் தமிழ் அங்கே இல்லையா? இரண்டும் வேறு வேறு. எடை காட்டவில்லை என்பதால் பொருளே இல்லை என்று சொல்லிவிடலாமா? தராசையும் ஒருமுறை பார்க்க வேண்டாமா?

ரசாயனத் துறையில் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். கரோல் பாக்கில் பிறந்தவர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்தார். தமிழ் எழுத்துகளைப் பின்னாளில் பாட்டியிடம் கற்றார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் விடாமல் படிப்பார். நம் பக்கத்தை அவரிடம் காட்டினேன். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு எழுத்து மேல இன்னொரு எழுத்து உட்கார்ந்திருக்கு. எதை முதல்ல எழுப்பறது?" என்றார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. அந்தப் பக்கம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆயத்தமாகக் கிடைத்த அமைப்பு ஒன்றை எடுத்து, ஆங்கிலச் சொற்களை நீக்கிவிட்டுத் தமிழ்ச் சொற்களை இட்டிருந்தார்கள். அவசரத்தில் யாரும் செய்வதுதான். தோள் இறுகுகிறது, கை நீளுகிறது என்று சட்டையைப் போட்டுக்கொண்டவன்தானே சொல்ல முடியும்? தமிழுக்கு வாய் ஏது?

சட்டையைப் பிரித்துத் தைக்கவேண்டுமானால் தையல் தெரிய வேண்டும். அந்தத் தையலுக்குப் பெயர் ஸி.எஸ்.எஸ்.; விரித்துச் சொன்னால் கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று பொருளைச் சொல்வது ஹெச்.டி.எம்.எல். என்னும் மொழி. தலைப்பு எவ்வளவு பெரிது, பத்தி என்ன நிறம், பட்டியல் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்று தோற்றத்தைச் சொல்வது ஸி.எஸ்.எஸ். இரண்டும் தனித்தனித் தாள்கள். ஒன்றைத் தொடாமலே மற்றதை மாற்றலாம். 2003-இல் டேவ் ஷே என்ற கனடா நாட்டு வடிவமைப்பாளர் "ஸென் கார்டன்" என்று ஒரு பக்கத்தை அமைத்தார். சொற்களும் அமைப்பும் அதேதான். ஒப்பனைத் தாளை மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வந்த தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரே பக்கம் ஒருமுறை பழைய சுவரொட்டியாகவும் ஒருமுறை பூந்தோட்டமாகவும் நிற்கிறது. ஒரே நடிகர் காலையில் முனிவராகவும் மாலையில் அரக்கராகவும் வேஷம் கட்டுவதைத் தெருக்கூத்தில் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இந்தக் கலை பிறந்த இடத்தை அறிந்தபோது எனக்குள் ஒரு குதூகலம். வலை என்பதே எங்கள் வீட்டுப் பிள்ளை. ஜினீவாவுக்கு அருகே ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கான யோசனையை எழுதினார். அதே ஸெர்னில் பணியாற்றிய நார்வே நாட்டவர் ஹோகோன் வியூம் லீ, 1994 அக்டோபர் 10-ஆம் தேதி ஒப்பனைத் தாளுக்கான முன்மொழிவை வெளியிட்டார். டச்சுக்காரர் பெர்ட் போஸ் உடன் சேர்ந்தார். 1996 டிசம்பர் 17-இல் முதல் தரம் ஏற்கப்பட்டது. அணுவின் உட்கூறுகளை மோதவிட்டுப் பார்க்கும் கூடத்தில்தான் எழுத்துக்கு உடை தைக்கும் யோசனையும் உதித்தது. எங்கள் துறையில் ஒப்பனையை இகழ்கிறவர்களிடம் இதைச் சொல்லலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

மொழியின் இலக்கணம் மிகச் சிறியது. யாருக்கு, எந்தப் பண்பு, எவ்வளவு: இவ்வளவுதான் ஒரு வாக்கியம். "பத்திக்கு, நிறம், கறுப்பு." பைத்தானில் பழகியவனுக்கு முதலில் திகைப்பாக இருக்கும். இங்கே "முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்" என்ற ஏவல் கிடையாது. "இது இப்படி இருப்பதாக" என்று விருப்பத்தைச் சொல்கிறோம். நிறைவேற்றுவது உலாவியின் பாடு. இன்னொன்று, இந்த மொழி கோபித்துக்கொள்வதே இல்லை. பைத்தானில் ஓர் அடைப்புக்குறி குறைந்தால் வேலை நின்றுவிடும். எந்த வரியில் குறை என்று திரை முழுதும் சிவப்பாகப் புலம்பும். ஸி.எஸ்.எஸ். தனக்குப் புரியாத சொல்லைக் கண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். குறையும் சொல்லாது, முகமும் சுளிக்காது. ஆய்வுக்கூடத்துக்காரனுக்கு இது பெரிய சங்கடம். ஆனால் காரணத்தை யோசித்தால் பெருந்தன்மை விளங்குகிறது. நாளைக்கு வரப்போகும் புதுச் சொற்களை நேற்றைய உலாவியும் சண்டையின்றிச் சகித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்தார்கள்.

இனி "கேஸ்கேட்" என்ற சொல்லுக்கு வருகிறேன். படிப்படியாக விழும் அருவி என்பது பொருள். குற்றாலத்துப் பேரருவி பாறையிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. பொங்குமாங்கடலில் விழுந்து, தங்கி, அங்கிருந்து வழிந்துதான் வருகிறது. ஒப்பனை விதிகளும் அப்படியே. உலாவியே தன்னிடம் சில விதிகளை வைத்திருக்கிறது. அதன்மேல் படிப்பவர் தம் விருப்பத்தைச் சொல்லலாம். அதற்கும் மேல் பக்கத்தை அமைத்தவரின் தாள் வருகிறது. மூவரும் ஒன்றையே சொன்னால் தொல்லையில்லை. ஆளுக்கொன்று சொன்னால்?

வழக்கைத் தீர்க்க ஒரு முறை இருக்கிறது. சாதாரண நிலையில் பக்கத்தை அமைத்தவர் சொல் வெல்லும். அவரே முரணாக இரண்டு சொல்லியிருந்தால், குறிப்பாகச் சொன்னது வெல்லும். "எல்லாப் பத்திகளும் கறுப்பு" என்று ஒரு விதி. "அறிவிப்பு என்ற வகுப்பைச் சேர்ந்தவை நீலம்" என்று ஒரு விதி. "இந்தத் தனிப்பெயர் கொண்ட ஒன்று மட்டும் சிவப்பு" என்று ஒரு விதி. மூன்றும் ஒரே பத்தியின்மேல் பாய்ந்தால் தனிப்பெயர்தான் ஜயிக்கும். பதினொரு வகுப்புப் பெயர்களைச் சேர்த்து அடுக்கினாலும் ஒரு தனிப்பெயருக்கு ஈடாகாது. எத்தனை சல்லி சேர்ந்தாலும் ஒரு ரூபாய் ஆகாத விந்தையான நாணயம் இது! எல்லாம் சமமாக நின்றால் கடைசியில் எழுதியது செல்லும். உலாவிக்குள்ளேயே இருக்கும் சோதனைப் பலகையைத் திறந்தால் தோற்ற விதிகளெல்லாம் குறுக்கே கோடு போட்டுக் கிடக்கும். பழைய பக்கத்தின் தலைப்பில் அதைத் திறந்து பார்த்தேன். ஒன்பது விதிகள் அடிபட்டுக் கிடந்தன. போர்க்களம்தான்!

விதி எதுவும் இல்லாத இடத்தில் மரபுரிமை வரும். எழுத்தின் நிறம், எழுத்துரு, அளவு முதலியவை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். சுற்றிப் போட்ட கட்டமும் விளிம்பு இடைவெளியும் இறங்கமாட்டா. தந்தையின் நிறமும் குரலும் மகனுக்கு வரலாம். தந்தை அடைத்த வேலி கூடவே நடந்து வருமா? இதில் ஒன்றும் குழப்பமில்லை. ஒரு பத்தியின் கீழ் விளிம்பு 20, அடுத்ததன் மேல் விளிம்பு 30 என்றால் இடைவெளி 50 ஆகாமல் 30 ஆவதுதான் கூட்டல் பழகியவர்களை உறுத்தும். நானும் இரண்டு நாள் அதோடு வாதிட்டேன். பத்திகள் வரிசையாக நிற்கும்போது இடைவெளி இரட்டிப்பாகிவிடாமல் காக்கவே அந்த ஏற்பாடு என்று பிறகு சமாதானமானேன்.

மரபுரிமையைப் பற்றி இவ்வளவு சொன்னது வீணுக்கு அல்ல. அக்கா கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் ஒளிந்திருந்தது. வரிக்கும் வரிக்கும் உள்ள உயரத்தை இருவிதமாகச் சொல்லலாம். "எழுத்தளவில் ஒன்றரை மடங்கு" என்று வெறும் எண்ணாகச் சொன்னால், அந்த விகிதம் பிள்ளைகளுக்கு இறங்கும். அதையே "ஒன்றரை எம்" என்று நீளமாகச் சொன்னால், கணக்கிட்டு வந்த நீளம்தான் இறங்கும். பக்கத்தின் எழுத்தளவு 16 பிக்ஸல். ஒன்றரை எம் என்றால் 24 பிக்ஸல். இந்த 24 அப்படியே தலைப்புக்கும் போய்ச் சேர்ந்தது. தலைப்பின் எழுத்தளவோ 32! முப்பத்திரண்டு அங்குல மனிதனை இருபத்து நான்கு அங்குலப் பெட்டியில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? மேல்வரியின் "கூ"வும் "நூ"வும் காலை நீட்ட, கீழ்வரியின் "கீ"யும் "ரீ"யும் கொண்டையைத் தூக்க, இரண்டும் பின்னிக்கொண்டன.

ஆங்கிலத்தில் இது ஏன் தெரியவில்லை? ஆங்கிலத் தலைப்பு குறுகிய சொற்களால் ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு வரிதான் என்றால் மோதுவதற்கு இன்னொரு வரி ஏது? தமிழ்ச் சொல் நீளமானது. "முத்தமிழ்விழாவிற்கான அழைப்பிதழ்" என்று எழுதினால் செல்போனில் இரண்டு வரி, சில சமயம் மூன்று. நோய் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழ் வந்தபோது வெளிப்பட்டது.

அந்த ஒரு சொல்லை நீக்கி, வெறும் எண்ணாக 1.7 என்று எழுதினேன். தலைப்பின் வரி உயரம் 54.4 பிக்ஸல் ஆயிற்று. எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. விடுதி அறையில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு அதிகாலை இரண்டு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

பிறகு வேலை வேகம் பிடித்தது. ஆங்கில அமைப்பு தன் பட்டியல் தலைப்புகளைப் பெரிய எழுத்தாக மாற்றி எடுப்பாகக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. ஆகவே அந்தக் கட்டளை சும்மா இருந்தது. தலைப்பும் உடலும் ஒன்றுபோல் நின்றன. அங்கே எழுத்தின் கனத்தைக் கூட்டினேன். மேற்கோள்களுக்குச் சாய்வெழுத்து என்று இருந்தது. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியே சாய்வு வடிவம் இல்லாததால், உலாவி நின்ற எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்த்துவிடுகிறது. காற்றில் சாய்ந்த வாழைத்தோப்பு! தமிழாக இருக்கும் பகுதிக்கு மட்டும் செல்லும்படி விதி எழுத ஸி.எஸ்.எஸ்.ஸில் வழியிருக்கிறது. அதை வைத்துச் சாய்வை நீக்கி, நிறத்தால் வேறுபடுத்தினேன். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டியிருந்தார்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அது நேர்த்தி. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கோ சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. எடுத்தேன். இருபக்க ஓரமும் நேராக நிற்கவேண்டும் என்ற விதி, செல்போனின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொல்லை நிறுத்தி நடுவில் குளம் வெட்டியிருந்தது. அதையும் எடுத்தேன்.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருகாலத்தில் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாதவர்களுக்குப் பக்கம் முழுதும் புரியாத கிறுக்கல். யூனிக்கோடு பரவி அந்தக் கஷ்டம் தீர்ந்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். "இந்த இடங்களிலுள்ள எழுத்து பக்கத்தில் இருந்தால் மட்டும் நோட்டோ ஸான்ஸ் தமிழை வரவழை" என்று ஒப்பனைத் தாளில் சொல்லலாம். அவ்வாறே சொன்னேன். இப்போது பழைய செல்போனிலும் புதிய கணினியிலும் ஒரே எழுத்து வருகிறது.

இவ்வளவும் முடிந்து அக்காவிடம் காட்டினேன். பாதிப் பக்கம் தடையில்லாமல் படித்தார். பிறகு, "எழுத்து இன்னும் சின்னதா இருக்கே" என்றார். அவர் தம் மடிக்கணினியில், வழக்கமாக 16 பிக்ஸலாக இருக்கும் எழுத்தளவை 20 ஆகும்படி அமைத்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு அது தேவையில்லையாம், தமிழுக்காகவே வைத்தாராம். ஆனால் பழைய தாளின் முதல் வரியே எழுத்தளவைப் பிக்ஸலில் கட்டிப் போட்டிருந்தது. படிப்பவர் தம் கணினியில் என்ன கேட்டிருந்தாலும் பக்கம் அதைக் காதில் வாங்காது. அந்த வரியை நீக்கி, அளவுகளை எல்லாம் "ரெம்" என்ற அலகில் எழுதினேன். ரெம் என்பது படிப்பவர் வைத்திருக்கும் அடிப்படை அளவின் மடங்கு. அவர் 20 என்றால் பக்கம் முழுதும் அதற்கேற்ப விரியும். விரிந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை; அடுத்த கட்டுரையைத் திறந்தார்.

இந்த இடத்தில்தான் மொழியின் பழைய கதை ஒன்று எனக்கு விளங்கிற்று. எந்த விதிக்கும் பின்னால் "இம்பார்ட்டன்ட்" என்று முத்திரை குத்தினால் அது மற்ற விதிகளைத் தள்ளிவிட்டு முன்னே வரும். அமைத்தவரும் முத்திரை குத்தி, படிப்பவரும் முத்திரை குத்தினால் யார் வெல்வது? 1996-இல் வந்த முதல் தரம், அமைத்தவர்தாம் என்றது. 1998-இல் வந்த இரண்டாம் தரம் அதைத் தலைகீழாக மாற்றி, படிப்பவர்தாம் என்றது. கண் மங்கியவர், நிறம் பிரித்தறிய முடியாதவர், மெல்லப் படிப்பவர் ஆகியோருக்குத் தம் தேவை தெரியும், அமைத்தவருக்குத் தெரியாது. இன்றுவரை அதுவே சட்டம். சில உலாவிகளில் படிப்பவர் தம் தாளை வைக்கத் தனியே ஒரு துணைச்செயலி வேண்டியிருக்கிறது. ஆனாலும் கடைசி வார்த்தை அவருடையதே. அருவி எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும், நனைவதா குடை பிடிப்பதா என்று தீர்மானிப்பவர் கீழே நிற்கிறவர்.

ஒரே ஒருவரை வைத்துச் சோதனை செய்துவிட்டு விதி கண்டுபிடித்தேன் என்று சொன்னால் என் பேராசிரியர் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிறுத்திவிடுவார். ஆகவே தமிழை எல்லாரும் படிப்பார்கள் என்று நான் வாதிடப் போவதில்லை. தராசு இப்போது சரியாக நிற்கிறது. இனி நிறுத்துப் பார்க்கலாம் என்பதே என் வேண்டுகோள். தீர்மானம் அதற்குள் வாக்குக்கு வந்துவிடக்கூடாது.

இதற்கிடையில் ஒரு புதுச் சண்டையை மூட்டிவிட்டிருக்கிறேன். பட்டியலின் எண்களை எந்த எழுத்தில் காட்டுவது என்று சொல்லும் பண்பு ஒன்று உண்டு. அதற்குரிய மதிப்புகளில் "தமிழ்" என்பதும் ஒன்று! அந்த ஒரு சொல்லை எழுதியதும் மலரின் பொருளடக்கம் ௧, ௨, ௩ என்று வரிசையாக நின்றது. எனக்கு ஒரே ஆனந்தம். காரியதரிசி பார்த்துவிட்டு, "ஏழாவது கட்டுரைக்கு எதிரே ஏன் 'எ' என்று போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். தமிழ் எண் ஏழின் உருவம் அதுதான் என்றேன். செயற்குழுவில் பாதிப்பேருக்கு அந்த எண்கள் தெரியவில்லை. 1, 2, 3 என்றே இருக்கட்டும் என்கிறார்கள். மீதிப்பேரில் ஒருவர், பத்தை ௧௦ என்று போட்டது தவறு, பழைய முறைப்படி ௰ என்றிருக்க வேண்டும் என்று கொடி பிடிக்கிறார். உலாவி இட முறைப்படிதான் எண்ணும், அதற்குப் பழைய முறை தெரியாது என்று சொன்னால் கேட்பதாக இல்லை. கரோல் பாக் அக்கா மட்டும் முதல் பார்வையிலேயே பதினான்கு எண்களையும் மளமளவென்று படித்தார். "பாட்டி வீட்டுப் பஞ்சாங்கத்துல பார்த்திருக்கேனே!" என்றார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எது நிற்கவேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் பேசலாம். வருகிறவர்கள் தங்கள் செல்போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். திரை உடைந்த செல்போனாக இருந்தால் இன்னும் நல்லது.